நான்காம் எண் மணி

ஆயர் ஈத்தாம் மேட்டில்
ஆசைக்குக் கட்டிய கோட்டை இது.
அம்பு எய்யத் துளைவிட்ட மதிலில்
இப்போது படுக்கை விரிப்புகள் காய்கின்றன.

கட்டியவன் ரப்பர் துரை.
பால் விலை ஏறிய வருஷம் கோபுரம் எழுந்தது,
இறங்கிய வருஷம் பாதிக் கூரையோடு நின்றது.
உண்மையான எதிரி வந்த அன்று
பின்வாசலைப் பூட்டக்கூட ஆளில்லையாம்.
ஜப்பான்காரன் நடனக் கூடத்தில் சைக்கிள் அடுக்கினான்.
பிறகு ஒரு தௌக்கே. பிறகு அவர் பிள்ளைகளின் வழக்கு.
வழக்கு முடியும்வரை வௌவால்.
கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது,
ஒழுகலும் சேர்த்து, இலவசமாக.

நாற்பத்தொரு கட்டில். ராத்திரிக்கு நாங்கள் இரண்டு பேர்.
ஆட்டத்துக்கென்று போட்ட பலகைத் தரை
சக்கர நாற்காலி உருண்டால்
இன்னமும் லேசாய்த் துள்ளும்.
கோபுரத்துக்கு எண்பது படி;
தொட்டி பார்க்கும் ரம்லி மட்டும் ஏறுவார்.
திருமதி கூ தினமும் கேட்கிறார்,
மேலிருந்து ஃபெர்ரி தெரிகிறதா என்று.
தெரிகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

சமையலறைச் சுவரில் பழைய மணிப்பலகை,
பன்னிரண்டு பித்தளை மணி, கீழே எண்கள்.
ஒயரிங் மாற்ற வந்தவன்
கழற்றச் சோம்பல்பட்டு
புதுப் பொத்தான்களை அதிலேயே இணைத்துவிட்டான்.
நான்காம் எண்:
எஜமான் மாறினாலும் எஜமான் அறை.
இன்று அங்கே ஆறு கட்டில்.
ஜன்னலோரம் சவரிமுத்து, எண்பத்து நாலு வயது,
இடப்பக்கம் விளங்காது.

நேற்று ராத்திரி மூன்று முறை அடித்தது.
முதல்முறை, தண்ணியா என்றேன். இல்லை.
இரண்டாம் முறை, துணி மாத்தணுமா. இல்லை.
மூன்றாம் முறை, பொய் சொல்வானேன்,
படியிலேயே திட்டிக்கொண்டுதான் ஏறினேன்.

வலக்கை விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நாப்பத்தஞ்சு எண்றதுக்குள்ள வந்துட்டே.
எங்கம்மா இருபதுக்குள்ள வந்தாகணும்,
தௌக்கே பொண்டாட்டிக்குக் கால் பிடிக்க.
பிந்தினா அம்பது காசு பிடிச்சுக்குவாங்க.
கார் கொட்டாயில படுத்துக்கிட்டு
நான் எண்ணுவேன்."

போர்வையை இழுத்துவிட்டேன்.
வேறென்ன செய்ய, தெரியவில்லை.
கீழே வந்து பீங்கான் கோப்பைகளைக் கழுவினேன்,
பசியாறலுக்குப் பயறு ஊறவைத்தேன்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு
மணி அடிக்காமலே
சமையலறை வாசலிலிருந்து ஓடினேன்.
மாடித் திருப்பத்தில் முழங்கால் இடித்தது.
நான்காம் அறை நிலைப்படியைப் பிடித்தபோது
முப்பத்தொன்று.

ஐந்து பேர் குறட்டை.
இருட்டுக்குள்ளிருந்து ஜன்னலோரக் குரல்:
"இன்னும் பதினொண்ணு கொறைக்கணும்."