கதவு மூடியிருக்கும்போது

எர்தெனெத் சுரங்கத்தில்
மூன்றாம் கம்ப்ரசர் இன்றும் நின்றுபோனது.
திரையில் அதே வரி: அவசர நிறுத்தம்.
பொத்தானை யாரும் தொடவில்லை.

தாஷ்ஞாம் ரிலேயை மாற்றினான், பியூஸை மாற்றினான்,
கடைசியில் பழியை என் பக்கம் மாற்றினான்.

ஒயூன்கெரெல் வந்தாள்.
கையுறையைப் பல்லால் கழற்றிப் பேனலைத் திறந்தாள்.
இருபத்து நான்கு வோல்ட், குறையே இல்லை.
மூடினோம். பதினேழு நிமிடம் ஓடி நின்றது.
திறந்தோம்,
வாத்தியார் தலையைக் கண்டதும்
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையன் மாதிரி
எல்லாம் சரி.

அவள் சிரிக்கவில்லை.
உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
மீட்டரின் முனைகளை உள்ளே கவ்வவிட்டு
வயரை இடுக்கு வழியே வெளியே இழுத்து
கதவைச் சாத்திவிட்டு
எதிரே குந்தினாள்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பத்து நிமிடம். இன்னும் ஆறு.
எண் துடித்தது.
விழுந்தது.

கீலோரம் மடங்கும் கட்டில் ஒரு நீல வயர்,
தோலில் கீறல்கூட இல்லை.
விரலால் நெருடிப் பார்த்தாள்.
உள்ளே செம்பு எப்போதோ அறுந்து
திறக்கையில் தொட்டுக்கொண்டு
மூடுகையில் அதிர்வுக்கு விட்டுக்கொண்டு
கிடந்தது.

சன்னலுக்கு அப்பால் லாரி லாரியாகச்
செம்புத் தாது போனது.
இங்கே ஒரு முழம் வயருக்கு
ஸ்டோரில் நீலம் இல்லை என்றார்கள்.

சிவப்பைப் போட்டு முடுக்கினாள்.
மேலே சீட்டு எழுதி ஒட்டினாள்:
இது நீலம்.