முப்பத்தொன்றாம் மாதிரி

கிளெர்மோன்-ஃபெரானில் மழை
கரிய எரிமலைக் கல்லால் கட்டிய தேவாலயத்தின் மேல் விழுந்து
கருப்பாகித்தான் தெருவுக்கு வருகிறது.
இரண்டு தெரு தள்ளி ஓர் அடித்தளத்தில்
நான் கல் அரைக்கிறேன்.
காரைக்காலில் கேட்பவர்களுக்கு "லேபில் வேலை."
மாவு மில் என்றாலும் பொய்யில்லை.

இந்த வாரம் மொரீசியஸ்.
நாற்பது துணிப்பைகள்,
ஒவ்வொன்றிலும் சொலேனின் சாய்ந்த கையெழுத்து.
மூத்தவற்றுக்கு எண்பது லட்சம் வயது:
கடலைக் கிழித்து வந்த அவசரத்தில்
வெறும் பசால்ட், அதில் பச்சை ஒலிவின் மணிகள்
ஊறிய பயறு போல.
பிறகு தீவு நிதானிக்கிறது.
குழம்பு அடியறையில் தங்கி ஆறுகிறது.
கனத்தவை முதலில் உறைந்து கீழே இறங்க
மக்னீசியம் குறையும், சிலிக்கா ஏறும்,
மிஞ்சியது வெளிறி, பிசுபிசுத்து,
நகர மனமில்லாமல் மேலே வரும்.
ட்ராக்கைட் என்று பேர்.
வீடு திரும்பும் டிராமில் மேகத்துக்குள் தெரிகிற
புய்-தெ-டோமும் அதேதான்.

சொலேனின் குடும்பப் பெயர் கொலாந்தவெலு.
கப்பல் ஏறியபோது குழந்தைவேலு.
இறங்கிய துறைமுகத்துப் பதிவேட்டில்
ழகரம்தான் முதலில் அடியில் படிந்திருக்க வேண்டும்,
அத்தனை கனம் அதற்கு.
இதை நான் அவளிடம் சொன்னதில்லை.
நாங்கள் பேசுவது பிரெஞ்சில்,
பெரும்பாலும் சல்லடைகளைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை படியிறங்கி வந்தாள்.
"முப்பத்தொன்றை எந்தக் கிண்ணத்தில் அரைத்தாய்?"
அகேட்.
"டங்ஸ்டன் இல்லையே?"
அகேட்தான்.
"அதற்கு முன் கழுவினாயா?"
குவார்ட்ஸ் மணல் போட்டு இருமுறை என்றேன் கோபமாக.
சொல்லும்போதே சந்தேகம்,
ஒருமுறைதானோ.

வரைபடத்தை மேசையில் விரித்தாள்.
ஏறிக்கொண்டே போகும் புள்ளிகள்,
அறுபத்திரண்டு சதவீதம் சிலிக்கா வரை.
அப்புறம் பத்து லட்சம் ஆண்டுக்கு
காகிதம் மட்டும்.
அதைத் தாண்டி, கீழே, தனியாக, முப்பத்தொன்று:
சிலிக்கா கம்மி, மக்னீசியம் திரும்பவும் மேலே,
சோடியமும் பொட்டாசியமும் தூக்கல்.
வயதில் கடைக்குட்டி,
உள்ளுக்குள் மூத்ததை விட ஆதி.

பையிலிருந்து இன்னொரு துண்டு உடைத்தேன்.
மேல் தோலைச் சீவினேன், அரைத்தேன், சலித்தேன்.
ஆயிரத்து நூறு டிகிரி உலையில்
அந்தக் கல் தன் வாழ்நாளில் இரண்டாம் முறை உருகி
ஒரு கண்ணாடி வில்லையாக உறைந்தது.
இந்த முறை சாட்சிக்கு நான் இருந்தேன்.

வியாழன் இரவு எண் வந்தது.
நாற்பத்துநான்கு புள்ளி மூன்று.
கிண்ணத்தின் மேல் பழியில்லை, என் மேலும்.
தீவுதான் அப்படிச் சொல்லியிருக்கிறது.
எல்லாம் ஓய்ந்ததென்று காடு மூடி,
மழை பள்ளத்தாக்கு வெட்டி முடித்த பிறகு
இன்னும் ஆழத்திலிருந்து
இம்மியளவே உருகி
ஒரே ஒரு வாய்.

ஏன் என்றேன்.
"மூன்று விளக்கம் இருக்கிறது" என்றாள்,
"மூன்றும் ஒன்றையொன்று அடிக்கும்."
பையைத் திருப்பிப் பார்த்தாள்.
"இது என் சித்தப்பா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் எடுத்தது.
காலில் இடிக்கிறது, கொண்டு போய்விடு என்றார்."
விளக்கை அணைக்காமல் மேலே போனாள்.

கிண்ணத்தைக் கழுவினேன்.
சாம்பல் நீர் சுழித்து இறங்கியது.
ஒன்று, இரண்டு என
இம்முறை வாய்விட்டு எண்ணினேன்.