தள்ளத் தெரியாதவர்கள்

மாவுக்கட்டை அறுத்தெடுத்த செவ்வாய்க்கிழமை
என் கை என்று அவர்கள் காட்டியது
யாருடையதோ போலிருந்தது.
தோல் உரிந்து, மெலிந்து, பாதி மடங்கி,
எதையோ ஏந்தக் காத்திருப்பதுபோல.

எலும்பு கூடிவிட்டது என்றாள் டூரிட்.
ஆறு வாரமாய், நான் தூங்கும்போதும் சபிக்கும்போதும்
அது தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது.
தசைதான் போக்கிடமில்லாமல் இளைத்துவிட்டது.

"நீட்டுங்கள், மார்யுன்."
நீட்டினேன். நீளவில்லை.
பல்லைக் கடித்துத் தள்ளினேன்.
"தசைக்குத் தள்ளத் தெரியாது" என்றாள்,
கன்னத்தில் ஒதுக்கிய அதிமதுர மிட்டாயோடு.
"சுருங்கி இழுக்கும், அவ்வளவுதான்.
முன்னால் இருப்பது இழுத்தால் மடங்கும்.
பின்னால் இருப்பது இழுத்தால் நீளும்.
உங்கள் முன்னது விடமாட்டேன் என்கிறது."

விடுவது எப்படி?
கிளாக்ஸ்விக் மீன் ஆலையில் பத்தொன்பது வருடம்
கத்தி பிடித்த கை இது.
பிடிப்பதற்குத்தான் சம்பளம்.

அக்டோபரில் ஆடு அறுக்கும் கொட்டகையில்
வெட்டிப் போட்ட முன்னங்கால் ஒன்றை எடுத்து,
துருத்தி நிற்கும் வெள்ளை நாணை
நானும் அண்ணன் ஹனுஸும் மாறி மாறி இழுப்போம்.
குளம்பு மடங்கும்.
நிமிர்த்த வேண்டுமென்றால்
மறுபக்கத்து நாணைத் தேட வேண்டும்.
ஹனுஸ் அதற்கு வணக்கம் சொல்லப் பழக்கினான்.
அம்மா ஈரத்துணியால் இருவரையும் விளாசினாள்.

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது.
டூரிட்டின் மேசைமேல் கிடக்கிறது கை.
மறுபக்கத்து நாணைத் தேடுகிறேன்.

நான்காவது வாரம் ஒரு ராத்திரி
ஹனுஸோடு தொலைபேசியில் சண்டை,
படகை விற்பதா வேண்டாமா என்று.
அடுப்பில் உருளைக்கிழங்கு.
உப்பு ஜாடி மேல்தட்டில்.
உப்பைப் போட்டுக் கிளறிய பிறகுதான் உறைத்தது,
மேல்தட்டு வரை எது போய்வந்தது என்று.

திங்கட்கிழமை ஆலைக்குப் போனேன்.
அந்தக் கதவு காற்றை எதிர்த்துத்தான் திறக்கும்,
எல்லோரும் தோளால் முட்டி உள்ளே போவார்கள்.
நான் உள்ளங்கையை வைத்தேன்.
பார்க்கிறவர்களுக்கு நான் தள்ளுகிறேன்.
உள்ளே, முழங்கைக்கு மேலே,
பின்னால் ஒருத்தி இழுக்கிறாள்,
முன்னால் இருப்பவள் கயிற்றைக்
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொடுக்கிறாள்,
நடுவில் எலும்பு,
யார் பக்கமும் பேசாமல்.

கிறீச்.
கீலுக்கு எண்ணெய் போடச் சொல்லி மூன்று வருடமாகிறது.
கதவின் கீலைச் சொன்னேன்.