வெற்று ஈயம்

பஞ்சு வராமல் வந்த பஞ்சம் இது.
பதினான்கு மாதமாக ராச்டேலில் ஒரு தறியும் பேசவில்லை.
இரைச்சலுக்குள் கத்திப் பழகிய நாங்கள்
இந்த அமைதியிலும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

எல்நேதனுக்கு மட்டும் வேலை இருக்கிறது.
பட்டினியையும் யாராவது அச்சடிக்க வேண்டுமே.
போன வாரம் கஞ்சிச் சீட்டு ஆயிரத்து இருநூறு.
நான்கு என் அத்தை மகள் வீட்டுக்குப் போயின.
மை கையில் ஒட்டுகிறதாம், அவளுக்கு அதிலும் குறை.

வெர்மான்ட்டில் பிறந்தவன்.
"உன் ஊர்க்காரன் கப்பலை மறிக்கிறான்,
என் பிள்ளை எதைத் தின்னும்?" என்றாள் மீன்காரி.
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.
பதில் சொல்லவில்லை. மீனும் வாங்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது.
அவன் சட்டைக் கையில் ஏறிய மைக்கு
எவ்வளவு சோடா, எத்தனை கசக்கல் என்று தெரியும்.
மகள் கெசையா ஈயத்தில் படித்தே வளர்ந்தவள்,
வலமிருந்து இடமாக.
பள்ளியில் நேராகப் படிக்கச் சொன்னால் விழிக்கிறாள்.

வியாழன் இரவு லிவர்பூலிலிருந்து மூட்டை வந்தது.
அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த
நம் ஊர்ப் பையன்களில் விழுந்தவர்களை மட்டும் பொறுக்கி
ஒரு பட்டியல் கோக்கச் சொன்னார்களாம்.
விடியலில் வந்தான். மூன்று முறை கை கழுவினான்.
ரொட்டியைத் தொடவில்லை.
ஈனாக்குக்கு அங்கே வேலை கேட்டு
கடிதம் எழுதிக் கொடுத்ததும் அந்தக் கைதான்.

சனிக்கிழமை, அலமாரித் தட்டில் விரிக்கத் தாளை எடுத்தேன்.
பட்டியலின் நடுவில் ஒரு வரி வெள்ளை.
அரை விரற்கடை இடம் வீணானால் முதலாளி கத்துவார் என்று
தூக்கத்திலும் புலம்புகிறவன்.

"இதற்கு மேலே என்ன பேர், கெசையா?"
"ஓக்டன்."
"கீழே?"
"பில்லிங். நடுவில் அப்பா வெற்று ஈயம் வைத்திருக்கிறார் அம்மா,
எழுத்தில்லாத கட்டை. அது அச்சில் விழாது."

கல்யாணத்துக்கு முன்
நானும் தம்பியும் நின்ற கூலி வரிசை
இன்னும் காதில் இருக்கிறது.
கணக்கர் மூக்கால் கூப்பிடுவார்:
ஓக்டன்.
ஓர்மராட்.
ஓர்மராட்.
பில்லிங்.

தாளை மடித்தேன். மறுபடி மடித்தேன்.
அதற்கு மேல் மடிய மறுத்தது.

எல்நேதன் வாசலில் நிற்கிறான்,
தொப்பி கையில்.
எவ்வளவு நேரமாகவோ.

உள்ளே வா, என்றேன்.
குளிர் வருகிறது.