அபராதம் இல்லாத நாள்

அக்டோபரின் கடைசிச் சனி.
மேய்ன் கடற்கரையில் எங்கள் சின்ன நூலகம்.
"வேடமிட்டு வந்தால் அபராதம் கிடையாது"
என்று கதவில் ஒட்டியிருந்தாள் லோர்னா.

வந்தார்கள்.
இரண்டு வயது நண்டு ஒன்று
தன் கொடுக்கைத் தானே மென்றுகொண்டு.
எண்பத்திரண்டில் கடற்கொள்ளைக்காரி, தெல்மா ஸ்ப்ராக்:
கண்புரை அறுவைக்குக் கட்டிய துணி
வேடத்துக்கும் ஆயிற்று.
கலைக்களஞ்சியங்களுக்குக் கீழே
செய்தித்தாள் விரித்துப் பூசணி குடைந்தோம்.
முழங்கைவரை நார், விதை.
அந்த வாடை திங்கள்வரை போகவில்லை;
யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.
மேப்பிள் சருகுகளைக் காலோடு இழுத்துக்கொண்டு
ஒரு பேய் வந்தது.
போர்வையில் இரண்டு ஓட்டை,
ஒன்று காதருகே.
கீழே தீயணைப்புத் துறை பூட்ஸ்.
ஊரில் அந்த அளவுக் கால் ஒருவருக்குத்தான்.

பேய் மேசைமேல் வைத்தது:
படகு கட்டும் கையேடு.
பத்தொன்பது வருடத் தாமதம்.
புரட்டப் புரட்ட மரத்தூள் உதிர்ந்தது,
நாற்பத்தோராம் பக்கம்வரை.
அதற்கப்பால் தாள் புதுசு.

அவர் கொட்டகைக்குப் பின்னால்
தார்ப்பாய்க்கடியில் அது விலா எலும்போடு கிடப்பதை
பள்ளிப் பேருந்தில் போன எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

லோர்னா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.
"பெயர்?"
வெகுநேரம் யோசித்து
"பேய்" என்றது பேய்.
எழுதிக்கொண்டாள்.

அலமாரிப் பக்கம் அவள் திரும்பியபோது
போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது:
"இன்னும் ஒரு மூன்று வாரம் கிடைக்குமா?"