இரண்டு நொடி பிந்தி

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரியோடு
பழைய லைன் செத்துப்போகும் என்று
ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள்.
முக்கூடலில் ஒருத்தியும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

மதார் வந்தான்,
தோளில் வயர்ச் சுருள், பையில் பெட்டி.
இருநூறு ரூபாய், ஆதார் நகல், ஒரு போட்டோ.
டீவி பார்க்க என் மூஞ்சி எதுக்கு என்றேன்.
"டீவிக்கும் உங்களைத் தெரியணும்லா மைனி."

டீவியைத் திருப்பினோம்.
பதினாலு வருசத்துத் தூசி,
பீடித்தூள், பல்லி முட்டைத் தோடு,
நான் தேடித் தேடி விட்டுவிட்ட ஊக்கு.
மஞ்சள் வயருக்கு ஒரு துளை, வெள்ளைக்கு ஒரு துளை,
சிவப்புக்கு இல்லை.
"பழைய செட்டுல்லா. அது சும்மா தொங்கட்டும்."
மூன்று பிள்ளைக்கு இரண்டு தட்டு வைத்த வீட்டில் மாதிரி
தொங்கிற்று அது.

டீவி ரிமோட் செத்து நாளாயிற்று.
முன்மூடியை நெம்பி
உள்ளே இருந்த பொத்தானைத்
தீக்குச்சியால் குத்தினான்.
வெறும் நீலம்.
சுளவில் இருந்த இலையெல்லாம் நீலம்.
பிறகு படம்.

யாருக்குப் பின்னாலும் யாரும் இல்லை.
பழைய லைனில்
ஆளுக்கொரு ஆவி வலப்பக்கம் நிற்கும்.
செய்தி வாசிப்பவளுக்கு இரண்டு மூக்கு,
மாப்பிள்ளையை ஒட்டி மங்கலாக இன்னொரு மாப்பிள்ளை.
எல்லாவற்றையும் துடைத்துவிட்டது பெட்டி.
நாடகத்து மாமியாரின் கம்மலில்
ஏழு கல் என்று அன்றைக்குத்தான் எண்ணினேன்.

அதுவும் ஒரு தடவைதான்.
ஆயிரம் பீடி சுற்றுகிறவள்
டீவி பார்ப்பதில்லை, கேட்பாள்.

கேட்டேன்.

சுவருக்கு அந்தப்பக்கம்
கொழுந்தன் பெண்டாட்டி சங்கரவடிவு.
பாகம் பிரித்து ஆறு வருசம்,
ஒற்றைக்கல் சுவர்,
பூச்சு எங்கள் பக்கம் மட்டும்.
பேச்சு இல்லை.
அவள் இன்னும் பெட்டி வாங்கவில்லை.
அதே சேனல், அதே ஏழரை மணி நாடகம்.
அங்கே அறை விழுகிறது,
இங்கே அப்போதுதான் கை ஓங்குகிறது.
அங்கே ஒருத்தி "போயிட்டாரே" என்று அலறுகிறாள்,
இங்கே அவர் இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மதாரிடம் சொன்னேன்.
"கணக்காக்கி அனுப்புதாங்க மைனி,
பெட்டி அதைத் திரும்பப் படமாக்கணும்.
ரெண்டு நொடி ஆகாதா?"

எனக்கு அது இல்லை யோசனை.
ஆறு வருசமாக இரண்டு வீட்டிலும்
ஒரே நொடியில் அழுதிருக்கிறார்கள்.
என் சத்தத்துக்குள்ளேயே
அவள் சத்தம் இருந்திருக்கிறது.
பிரிந்த பிறகுதானே கேட்கிறது.

முப்பத்தொன்று.
மறுநாள் கடைக்குப் போக வேண்டிய கட்டுக்கு
நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு அடித்ததும் அந்தப்பக்கம்
தகரத்தில் மழை பெய்கிற இரைச்சல்.
அவள் உடனே அணைக்கவில்லை.
ஏதாவது வரும் என்று இருந்தாளோ,
சோறு தின்ற கையோடு தூங்கிப்போனாளோ.
பிறகு ஒரு சொடக்கு.

மறுநாள் ஏழரைக்கு
சுவர் வழியாக வந்தது கத்தரிச் சத்தம் மட்டும்.
கரிச், கரிச்.
அவன் திருப்பூரிலிருந்து அனுப்பினால்தான் பணம்,
பீடிக் கூலி சனிக்கிழமைதான்.
அன்றைக்குச் செவ்வாய்.

எழுந்தேன்.
புது ரிமோட்டில் முப்பது வரை ஏற்றினேன்.
போதவில்லை.
டீவிப் பொத்தானைத் தீக்குச்சியால் அமுக்கிப் பிடித்தேன்.
"காது அடைச்சிட்டாம்மா?" என்றான் முத்துமாலை.
"இலை காஞ்சு கிடக்கு, சத்தம் போடுது.
நீ படிலே."

நாடகத்தில் கதவைத் தட்டினார்கள்.
அந்தப்பக்கம் கத்தரி நின்றது.
யார் வந்திருக்கிறார் என்று
எனக்கும் முன்கூட்டித் தெரியவில்லை இப்போது.

விளம்பரத்துக்குக் குறைத்தேன்.
பூச்சு இல்லாத பக்கத்தில்
யாரோ பாயை இழுத்தார்கள்,
சுவரை ஒட்டி.