ஒன்றரை அடியில் யன்னல்

வரைபடத்துக்கு முன்பு
ஒரு முழுப் பங்குனி மத்தியானம்
முகத்துவாரத்தில், பழைய பள்ளியின்
அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே இருந்தேன்.
வெப்பமானி முப்பத்தாறு சொன்னது.
அதை விட்டுவிட்டு எண்ணினேன்:
தரம் இரண்டில் முப்பத்தொரு பிள்ளைகள்,
பத்தொன்பது கொப்பிகள் விசிறியாகி ஆடின.
மீதிப் பன்னிரண்டு பேர்
மேசையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார்கள்.
கரும்பலகையில்
‘மழை’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து
கட்டடத்தைத் தாளில் திருப்பினேன்,
நீள்சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க,
மாலை வெயிலுக்குக் குறுஞ்சுவர் மட்டும் மிஞ்ச.
மேற்கே நின்ற கொட்டங்காய் மரத்துக்கு
படிக்கட்டு ஒன்றரை மீற்றர் விலகிக்கொண்டது.
ஓட்டுக்குக் கீழே தென்னந்தும்பு,
முகட்டில் ஒரு பிளவு, சூடு ஏறிப் போக.
கொடையாளி கேட்டார்:
“முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் என்ன?”
மத்தியானத்தில் அதற்குள் பாண் சுடலாம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அதிபரின் அறைக்கு ஏசி கேட்கவும் இல்லை.

விமலதாச பாஸ்
யன்னல் கட்டை மூன்றடியில் எழுப்பியிருந்தார்.
“எல்லா இடமும் அப்பிடித்தான் மிஸ்,” என்றார்,
வெள்ளவத்தை வேலைகளில் பழகிய தமிழில்.
நான் சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தேன்,
பிறகு தரையில், முதுகைக் கூனி,
ஏழு வயதின் உயரத்துக்கு வரும்வரை.
சோழகம் என் தலைக்கு மேலால்
வேறு யாரையோ தேடிப் போனது.
அவரையும் பக்கத்தில் இருத்தினேன்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
துறைமுக லொறியொன்று ஹோர்ன் அடித்துக் கடந்தது.
மறுநாள் இரண்டு வரிசைக் கல்லை
அவரே உடைத்துக்கொண்டிருந்தார்.

என் பிழையையும் சொல்ல வேண்டும்.
காசு போதாத ஒரு வாரம்
கூரையின் இறவாரத்தில் ஓரடியை நானே வெட்டினேன்.
தாளில் அது ஒரு பென்சில் கோடு.
வைகாசியில் மழை அந்த ஓரடியால் உள்ளே வந்தது.
தெற்கு யன்னலோரம் இருந்தவர்கள் நனைந்தார்கள்,
சமயபாடக் கொப்பிகள் ஊதிப்போயின.
பிலோமினா டீச்சர் ஃபோனில் ஏசினார்;
பின்னால் வகுப்பே கூவியது, சந்தோஷத்தில்.
தகரமும் ஆணியுமாய் நானும் பாஸும் போனோம்.
“மழைய மூடுங்க, காத்த மூடாதீங்க,”
ஏணியைப் பிடித்தபடி
ஹம்தா என்கிற சின்னவள் கட்டளையிட்டாள்.
இடைவெளி விட்டுத்தான் அடித்தோம்.

நேற்று அதிபர்
கரண்ட் பில்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்,
ஒரு கேள்விக்குறியோடு.
மீற்றர் பழுதோ என்று பார்க்க
சபையிலிருந்து ஆள் வந்து போனதாம்.
மீற்றரில் பிழையில்லை.
விசிறிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாராம்,
தரம் இரண்டில் மட்டும் விடவில்லை.
அங்கே விசிறித் தண்டில்
தேன்சிட்டொன்று கூடு தொங்கவிட்டிருக்கிறது.
சுவிட்சின் மேல் யாரோ பிளாஸ்டர் ஒட்டி
கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்:
போட வேணாம்
ஆள் இருக்கு